நிற்கக் கூடாத பெட்டி

மலாக்காவில் மெர்லிமாவ் ஊர்க்காரரான மருதமுத்து தன் டிரெய்லர் லாரியில் ஏற்றாத சாமான் கிடையாது. சிமெண்டு ஏற்றியிருக்கிறார், இரும்புக் குழாய் ஏற்றியிருக்கிறார். ஒரு தேர்தல் சமயத்தில் ஆளுங்கட்சியின் மேடையை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, அதே கையோடு எதிர்க்கட்சியின் மேடையையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு கட்சிக்காரர்களுமே அவருக்குக் கைகொடுத்து, நாட்டின் எதிர்காலம் உங்களைப் போன்றவர்கள் கையில்தான் இருக்கிறது என்றார்கள். அப்போதுகூட அவர் திகைக்கவில்லை. அவரை முதன்முதலாகத் திகைக்க வைத்தது, அலோர் காஜாவைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டியிருந்த செலாசே சரக்கு ரயில் யார்டுதான்.

அவருக்கு அங்கே இருந்த வேலை சின்ன வேலை. ஒரு கண்டெய்னர் பெட்டியை ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

பெட்டிக்குள் டயாலிசிஸ் இயந்திரங்கள் இருந்தன. மருதமுத்துவின் மனைவி அஞ்சலைக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் பாதி நாள் வேனில் ஏறி மலாக்கா டவுனுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி வீட்டுக்குத் திரும்புவாள். மெர்லிமாவிலும் செர்காம் பக்கத்துக் கம்போங் கிராமங்களிலும் அவளைப் போல இன்னும் பலர் இருந்தார்கள். கோயில் கமிட்டியும் கடைக்காரர்களும் சேர்ந்து, இரண்டு கடை வீட்டை வாடகைக்குப் பிடித்து, சொந்தமாக ஒரு நிலையம் அமைத்தார்கள். நாற்காலி வந்துவிட்டது, தாதியும் வந்துவிட்டாள், சுவருக்குச் சாயம் அடித்தாகிவிட்டது. இயந்திரம் மட்டும் துறைமுகத்தில் இறங்கி, ரயில் ஏறி, செலாசே யார்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"மருது, ஒன் லாரிதான் இருக்கே. நீயே போய் ஏத்திக்கிட்டு வந்துரு. காலையில போனா மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துரலாம் லா," என்றார் நிலையத்தின் தலைவர் சாமிநாதன்.

யார்டிலிருந்து மருதமுத்துவின் கைப்பேசிக்கும் செய்தி வந்தது. 'மகிழ்ச்சி! உங்கள் பெட்டி நான்காம் தடத்துக்கு நகர்ந்துள்ளது.' அவர் லாரியைக் கழுவி, கண்ணாடியில் விபூதி வைத்துக் கிளம்பினார்.

வாசலில் அவரை உட்கார வைத்துப் பாதுகாப்புப் படம் காட்டினார்கள். படம் முடிந்ததும் தேர்வு வைத்தார்கள். 'ஓடும் ரயிலுக்கு முன்னால் படுக்கலாமா?' என்பது முதல் கேள்வி. கூடாது என்று அவர் சரியாகச் சொன்னார். அதற்காக அவருக்கு ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியும், காலுக்குப் பெரிதான ஒரு ஜோடிப் பூட்சும் கிடைத்தன. பிறகு வாடிக்கையாளர் ஆனந்தப் பிரிவிலிருந்து தேவிஸ்ரீ என்ற பெண் வந்தாள். சிரித்த முகம். மகள் வயதுதான் இருக்கும்.

"வாங்க அங்கிள். யுவர் பெட்டி ரொம்ப நல்லா இருக்கு. டெய்லி நான் ட்ராக் பண்றேன்."

"சந்தோசம்மா. எங்க இருக்கு? லாரிய எங்க விடணும்?"

அவள் பதில் சொல்வதற்குள் மருதமுத்துவே அதைப் பார்த்துவிட்டார். பரந்த வெளி. விரல்களை விரித்த மாதிரித் தண்டவாளங்கள். அவற்றின் நடுவே ஒரு சின்ன எஞ்சின் சில வேகன்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. மூன்றாவது வேகனில் நீல நிறப் பெட்டி. பக்கவாட்டில் இயந்திரங்களை நன்கொடையாகக் கொடுத்த சங்கம் ஒட்டியிருந்த பதாகை: 'மெர்லிமாவ் மக்களுக்கு அன்புடன்.'

"அதோ! எங்க பெட்டி!"

பெட்டி அவருக்கு எதிரே வந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். நிற்காமல் கடந்து போனது. கோடியில் போய், தடம் மாறி, இன்னொரு பக்கமாகத் திரும்பி வந்து, மறுபடியும் அவரைக் கடந்து போனது.

"எப்பம்மா நிக்கும்?"

தேவிஸ்ரீயின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "அது பாஸ்கிட்ட பேசணும் அங்கிள்."

பாஸின் பெயர் அம்பிகைபாகன். செயல்திறன் மேலாளர். யார்டு முழுவதும் தெரியும் ஒரு கண்ணாடிக் கோபுரத்தின் உச்சியில் இருந்தார். அவருக்குப் பின்னால் சுவரளவு ஒரு திரை, அதில் நூற்றுக்கணக்கான பச்சைப் புள்ளிகள் எறும்புபோல ஊர்ந்துகொண்டிருந்தன. மருதமுத்துவுக்குத் தன் கையாலேயே காப்பி கலக்கிக் கொடுத்தார். நல்ல மனிதர். கல்யாண வீட்டில் பந்தியைக் கவனிக்கிறவர் மாதிரி பேசினார்.

"மிஸ்டர் மருதமுத்து, சரக்கு யார்டு என்றால் என்ன என்று நினைக்கிறீங்கள்?"

"சரக்கு வந்து எறங்குற எடம் சார்."

அம்பிகைபாகன் வாய்விட்டுச் சிரித்தார். "அது கிடங்கு. இது யார்டு. இங்கே பாருங்கோ. தெற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ ரயில் வரும். எஞ்சினைக் கழற்றுவோம். வேகன்களை ஒவ்வொன்றாகப் பிரிப்போம். ஜொகூர் போகிறது ஒரு லைன், கோலாலம்பூர் போகிறது ஒரு லைன், இங்கேயே இறங்குகிறது ஒரு லைன். பிறகு ஒரே ஊருக்குப் போகிறதுகளைச் சேர்த்துக் கோத்து, பிரேக் சோதித்து, பெரிய எஞ்சினை மாட்டி அனுப்புவோம். உலகம் முழுக்க யார்டு என்றால் இதுதான். உலகம் முழுக்க யார்டுக்கு ஒரு நோயும் உண்டு. வேகன் சும்மா நிற்கிறது! நாள் கணக்காக நிற்கிறது! அதனாலே எங்கள் தலைமையகம் நின்ற நேரத்தை அளக்கத் தொடங்கினது. ஒரு வேகன் கூடுதலாக நின்றால் திரையில் சிவப்பு. சிவப்பு வந்தால் எங்களுக்குப் போனஸ் இல்லை, பெயரும் இல்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமோ?"

"என்ன சார் செஞ்சீங்க?"

"நிற்கவே விடவில்லை." அவர் திரையின் பக்கம் கையை விரித்தார். "இந்த யார்டு திறந்த நாளிலிருந்து ஒரு வேகன்கூட நின்றதில்லை. நாட்டிலேயே நாங்கள்தான் முதலிடம்."

மருதமுத்து திரையைப் பார்த்தார். பச்சைதான். அழகாகத்தான் இருந்தது.

"இங்கயே எறங்குறதுக்கு ஒரு லைன் இருக்குன்னீங்களே சார்."

"இருக்கு. அருமையான லைன். கிரேன்கூட வாங்கிப் போட்டிருக்கிறோம்."

"அதுல கொண்டாந்து விட்டா நான் ஏத்திக்கிட்டுப் போயிருவேன்."

"இறக்குவதென்றால் நிறுத்த வேண்டுமே," என்றார் அம்பிகைபாகன் மிகுந்த வருத்தத்தோடு.

நிறுத்தாமலே இறக்க முடியுமா என்பதைப் பற்றி ஆராய ஒரு குழு போட்டிருப்பதாகத் தேவிஸ்ரீ படியிறங்கும்போது சொன்னாள். குழு ஜெர்மனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாம். அங்கே எல்லாரும் நிறுத்தித்தான் இறக்குகிறார்களாம். அவர்கள் இன்னும் முன்னேறவில்லை என்று அறிக்கை கொடுத்திருந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மருதமுத்து வெறும் லாரியோடு வீட்டுக்கு வந்தார்.

"எங்கங்க மெசினு?" என்றாள் அஞ்சலை.

"ஓடிக்கிட்டிருக்கு."

"மெசினா?"

"பெட்டி."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வெயிலில் லாரி ஓட்டியவருக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள். அவள் அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும். அவர் மோர் குடிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மருதமுத்து பாதியில் டம்ளரை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி யார்டுக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் படம் பார்த்தார், தேர்வு எழுதினார், ரயிலுக்கு முன்னால் படுக்கக் கூடாது என்று உறுதி சொன்னார். சின்ன எஞ்சினை ஓட்டும் குகன் பழக்கமானான். வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பேசிக்கொண்டே போவான். மருதமுத்து தண்டவாளத்தின் ஓரமாகக் கூடவே நடப்பார்.

"தம்பி, கொஞ்ச நேரம் பிரேக்கப் போடேன்பா. நான் பாத்துக்கிறேன்."

"ஐயோ அண்ணே, சூசா லா, ரொம்பக் கஷ்டம். போன மாசம் நான் ஒண்ணுக்குப் போறதுக்கு நிறுத்துனேன். விசாரணை வச்சுட்டாங்க."

"கெட்டுப்போன வேகன என்னப்பா பண்ணுவீங்க? அதயாச்சும் நிறுத்தித்தானே ரிப்பேர் பாக்கணும்? எங்க வேகன் கெட்டுப்போச்சுன்னு சொல்லிரு."

குகன் தூரத்தில் ஓர் இடத்தைக் கைகாட்டினான். "அதான் ரிப்பேர் லைன். கெட்டுப்போன வேகனே கெடையாதுன்னு மேல ரிப்போர்ட் போயிருச்சு. அதனால அங்க பேட்மிண்டன் கோர்ட் போட்டுட்டாங்க. அந்தா, புகை விட்டுக்கிட்டுப் போகுதே ஒரு வேகன், அதுக்குச் சக்கரம் போயிருச்சு. சத்தம் கேக்காம இருக்கட்டும்னு அந்தப் பக்கமா பாட்டுப் போட்டு விடறாங்க."

உண்மையாகவே பாட்டு கேட்டது.

ஒருநாள் நீலப் பெட்டியைக் காணவில்லை. மருதமுத்து அலுவலகத்துக்கு ஓடினார். தேவிஸ்ரீ அவரை ஆற்றினாள். வெளியே போகும் ரயில் நேரத்துக்குக் கிளம்பியாக வேண்டும் என்றும், அன்றைக்கு வடக்கே போகிற ரயிலுக்கு வேகன் குறைந்துவிட்டது என்றும், கைக்குக் கிடைத்ததைக் கோத்து அனுப்பிவிட்டார்கள் என்றும் விளக்கினாள். "டோன்ட் வொரி அங்கிள். ராங் ஊருக்குப் போனது எல்லாம் திரும்பி இங்கதான் வரும். வந்தா நமக்கு நியூ எரைவல்னு கணக்கு. பாஸ் ஹேப்பியாயிடுவார்."

பெட்டி ஈப்போவைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தது. இடையில், மலாக்கா போகிற வேன் ஆயர் மோலேக் பக்கத்தில் வழியில் நின்றுபோய், அஞ்சலைக்கு ஒரு தடவை டயாலிசிஸ் தவறிவிட்டது. அடுத்த நாள் அவளுக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் அவளைச் சாய்த்துப் படுக்க வைத்து, முகத்தில் குழாயை மாட்டினார்கள். மருதமுத்து வெளியே வந்து நின்றார். சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது.

'மகிழ்ச்சி! உங்கள் பெட்டி ஏழாம் தடத்துக்கு நகர்ந்துள்ளது.'

தன் வாழ்நாளில் யார்மேலும் கை நீட்டாத அந்த மனிதர் கைப்பேசியை ஆஸ்பத்திரிச் சுவரில் அடித்தார். பிறகு தானே அதைப் பொறுக்கி எடுத்தார். கண்ணாடி கீறியிருந்தது. மகிழ்ச்சி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அஞ்சலை தேறி வீட்டுக்கு வந்த வாரத்தில் தேவிஸ்ரீயே கூப்பிட்டாள். யார்டுக்கு விருது கிடைத்திருக்கிறதாம். டத்தோ ஸ்ரீ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் நேரில் வந்து கொடுக்கப் போகிறாராம். விழாவில், மனநிறைவு அடைந்த ஒரு வாடிக்கையாளர் தன் சரக்கைப் பெற்றுக்கொள்கிற காட்சி இருக்கிறதாம்.

"நீங்கதான் அங்கிள் அந்தக் கஸ்டமர். எங்ககிட்ட ரெகுலரா வர்றது நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப பெட்டி நிக்குமா?"

"போட்டோ எடுக்கிற வரைக்கும் நிக்கும். ஸ்க்ரீன்ல அந்த நேரம் லோகோதான் காட்டுவோம். சோ, சிவப்பு தெரியாது."

"அப்புறம்?"

"அப்புறம் திருப்பி வேகன்ல வச்சிடுவோம் அங்கிள். இது மாக் டெலிவரி தானே. போட்டோவுக்காக அட்டையில பெரிசா மாக் செக் கொடுப்பாங்கல்ல, அந்த மாதிரி."

மருதமுத்து சரி என்றார். அஞ்சலையிடம் இதைச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் லாரிக்கு எண்ணெய் மாற்றினார், டயரில் காற்று பார்த்தார், பெட்டியைப் பூட்டும் நான்கு மூலைக் கொக்கிகளுக்கும் கிரீஸ் தடவி வைத்தார்.

விழா நாளில் யார்டு கோயில் மாதிரி இருந்தது. வேகன்களுக்கு மாலை போட்டிருந்தார்கள். கொம்பாங் மேளம் அடித்தார்கள். ஒத்திகையில் தேவிஸ்ரீ எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக் கொடுத்தாள். முதலில் உரை, பிறகு பெட்டி ஏற்றுவது, படம், கடைசியில் நிறுவனப் பாட்டு. "பாட்டு பாடறப்ப நோ மூவ்மெண்ட் ஹா, அங்கிள். செக்யூரிட்டி, கிரேன் ஆளு, பாஸ், எல்லாரும் நெஞ்சுல கை வச்சு அசையாம நிக்கணும். போன வருஷம் ஒருத்தர் மூக்கச் சொறிஞ்சதுக்கு விளக்கம் கேட்டு லெட்டர் போயிருச்சு."

"ரொம்ப நீளமா பாட்டு?"

"நாலு வெர்ஸ்."

மருதமுத்து தலையாட்டினார்.

அம்பிகைபாகன் உரையாற்றினார். "மாண்புமிகு டத்தோ ஸ்ரீ அவர்களே! ஒரு காலத்தில் சரக்கு வந்தது, இறங்கியது, போனது. அதில் என்ன பெருமை இருக்கிறது? எந்த லாரியும் அதைச் செய்யும். இன்று எங்கள் யார்டுக்குள் வந்த ஒரு பெட்டி எங்களை விட்டுப் பிரிவதில்லை. சில பெட்டிகள் இங்கிருந்தபடியே நாட்டைச் சுற்றும் தூரம் ஓடிவிட்டன. வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப எங்களிடம் வருகிறார்கள். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?"

பலத்த கைதட்டல். டத்தோ ஸ்ரீ பதிலுரையில், இந்த முறையை ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மருதமுத்து முதல் வரிசையில் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார். பூட்சுக்குள் அவர் கால் வியர்த்துக்கொண்டிருந்தது.

பிறகு குகன் எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்தினான். நிறுத்தினான் என்றால் நிஜமாகவே நிறுத்தினான். யார்டில் ஒரு விசித்திரமான அமைதி பரவியது. வாங்கிய நாள் முதல் வேலையே பார்த்திராத கிரேன் முனகிக்கொண்டு வந்து, நீலப் பெட்டியை வேகனிலிருந்து தூக்கி, லாரியின் மேல் வைத்தது. கிரேன்காரர் அழுதுவிட்டார். டத்தோ ஸ்ரீ கதவளவு அட்டை ஒன்றை மருதமுத்துவின் கையில் கொடுத்தார். 'பெட்டி ஒப்படைக்கப்பட்டது' என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. படம் எடுத்தார்கள். காற்றில் அட்டை ஆடியது. பாய்மரப் படகோட்டி மாதிரி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மருதமுத்து சிரித்தார். பிறகு, சுற்றி வந்து கொக்கிகளைப் பூட்டினார். படத்துக்கு நன்றாக இருக்கிறது என்று புகைப்படக்காரர் அதையும் எடுத்துக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. முன்னேறுவோம், மேலும் முன்னேறுவோம், நிற்க மாட்டோம் என்பது அதன் சாரம். எல்லாரும் நெஞ்சில் கை வைத்துச் சிலையானார்கள்.

மருதமுத்து அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லாரியில் ஏறினார். சொந்தச் சாமானைத் திருடிக்கொண்டு போகிற அனுபவம் அவருக்குப் புதிது. சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. முதல் வரிசையில் டத்தோ ஸ்ரீயின் பக்கத்தில் நின்ற அம்பிகைபாகனின் கண்கள் மட்டும் அகலமாகி லாரியோடு திரும்பின. தலை திரும்பவில்லை, கை நெஞ்சை விட்டு இறங்கவில்லை. பாடிக்கொண்டிருந்த வாய் மட்டும் ஒருமாதிரி கோணியது. தேவிஸ்ரீ உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். வாசலில் தடுப்புக் கம்பை ஏற்கனவே தூக்கித்தான் வைத்திருந்தார்கள், டத்தோ ஸ்ரீயின் காருக்காக. காவலாளி விறைப்பாக நின்றபடி, லாரி தன்னைக் கடக்கும்போது மூன்றாவது சரணத்தைப் பாடினார்.

செலாசேயிலிருந்து மெர்லிமாவ் வரைக்கும் மருதமுத்து கண்ணாடியில் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். போலீஸ் வரவில்லை. யாருமே வரவில்லை. நிலையத்து வாசலில் சாமிநாதனும் கடைக்காரர்களும் பட்டாசு வெடித்தார்கள். இயந்திரங்களை இறக்கினார்கள். பொறியாளர் வந்து பொருத்தினார். அடுத்த வாரம் அஞ்சலை வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து, நாற்காலியில் சாய்ந்து, கையை நீட்டினாள். இயந்திரம் மெல்ல முணுமுணுத்தது. முடிந்ததும் நடந்து வெளியே வந்தாள்.

"பசிக்குதுங்க," என்றாள். அப்படி அவள் சொல்லிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. மருதமுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, என்ன வேண்டும் என்று கேட்டார்.

ஆனால் அவர் நேர்மையான மனிதர். காலிப் பெட்டி யார்டுக்குச் சொந்தம். அதை லாரியில் ஏற்றிக்கொண்டு, வருவது வரட்டும் என்று செலாசேக்குப் போனார். இந்தத் தடவை படம் காட்டவில்லை. அம்பிகைபாகனே வாசலுக்கு இறங்கி ஓடி வந்தார்.

"இது என்ன?"

"ஒங்க பெட்டி சார். அன்னைக்கு நான் செஞ்சது தப்புதான். என் பொஞ்சாதிக்காகத்தான்..."

"எந்தப் பெட்டி?"

"நீலப் பெட்டி சார். இந்தா நிக்குதே!"

அம்பிகைபாகன் லாரியின் மேல் இருந்த பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் மருதமுத்துவைப் பார்த்தார். கோபுரத்துத் திரையைக் காட்டினார்.

"மிஸ்டர் மருதமுத்து, அந்தப் பெட்டி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நிமிடம் அது பச்சை. உள்ளே இருக்கிற பெட்டியை நான் எப்படி இன்னொரு தடவை உள்ளே விடுவேன்? அது வெளியே போனது என்றால் அது நின்றது என்று அர்த்தம். நின்றது என்றால்..." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஓய்வு பெறுவதற்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கு. தயவுசெய்து கொண்டுபோய்விடுங்கோ."

அவர் கண் கலங்கியிருந்தது. மருதமுத்துவுக்கு அந்த மனிதர்மேல் முதல்தடவையாக இரக்கம் வந்தது. "ஒடம்பப் பாத்துக்குங்க சார்," என்று சொல்லிவிட்டு லாரியைத் திருப்பினார்.

பெட்டியை நிலையத்தின் பக்கத்துக் காலி இடத்தில் இறக்கினார்கள். சாமிநாதன் அதில் ஜன்னல் வெட்டி, மின்விசிறி மாட்டி, பெஞ்சு போட்டார். நோயாளிகளோடு வருகிறவர்கள் உட்காரக் காத்திருப்பு அறை ஆகிவிட்டது. ரொட்டி சானாய் வாங்கி வந்து தின்பார்கள், நாடகம் பார்ப்பார்கள், குழந்தைகள் தூங்கும்.

ஒருநாள் காலையில் தன் முறைக்காக அஞ்சலையும் அங்கே உட்கார்ந்திருந்தாள். கூட்டம் நிறைந்திருந்தது. மருதமுத்துவின் கைப்பேசி அதிர்ந்தது. கைப்பேசியின் கண்ணாடி கீறியிருந்ததால் அவர் அதை அவளிடம் நீட்டினார்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு எதிரே பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"எல்லாரும் பெஞ்சக் கெட்டியாப் புடிச்சுக்குங்க," என்றாள். "நாம இப்ப ஒம்பதாம் லைனுக்குப் போய்க்கிட்டிருக்கோம்."